இந்தியா கேட்டில் இல்லாத ஒரு பெயர்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்துவிட்டால் தில்லிவாழ் தமிழர்களாகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் செங்கோட்டை, மதியம் குதுப்மினார், போகிற வழியில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகன் தரிசனம், மாலையில் இந்தியா கேட். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம், பெரியவர்களுக்குப் புல்வெளியில் சற்றே கால் நீட்டல். அத்துடன் அன்றைய சுற்று முடியும்.

பல ஆண்டுகளுக்கு முன் மாயவரத்திலிருந்து வந்திருந்த என் அத்தையையும் இப்படித்தான் அழைத்துச் சென்றேன். அத்தை வளைவின் அருகே நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, கல்லு முழுக்க ஏதோ எழுதியிருக்கே, என்னது அது?"

"சண்டையில செத்துப்போன சிப்பாய்களோட பேர் அத்தை."

"அப்படின்னா எங்க பெரியப்பா பேர் இருக்கான்னு பாருடா. பட்டாளத்துல சேர்ந்து பஸ்ராவுக்குப் போனவர். திரும்பி வரவே இல்லே."

எனக்கு அது புதுச் செய்தி. அவர் இறந்த நாள் தெரியாததால், மகாளய அமாவாசையன்று அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுவார்களாம். நான் நாலைந்து வரிசை படித்துப் பார்த்துவிட்டு, "ஆயிரக்கணக்குல இருக்கு அத்தை, தேட முடியாது" என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன். அத்தை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரையில் நான் சொல்லவிருக்கும் கார்வால் சிப்பாயின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

யாருடைய பெயர்கள்?

இந்தியா கேட் முதலாம் உலகப் போரில் மாண்ட இந்திய வீரர்களுக்காகக் கட்டப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1921 பிப்ரவரியில் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்ட, லட்யன்ஸ் வரைந்த திட்டப்படி எழும்பி, 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்தப் போரில் உயிர் நீத்த இந்திய வீரர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் அனைவருக்குமான பொது நினைவுச் சின்னம் இது.

ஆனால் சுவரில் உள்ள பெயர்கள் எழுபதாயிரம் அல்ல, பதின்மூவாயிரத்துச் சொச்சமே. இவர்களில் பெரும்பாலோர் வடமேற்கு எல்லைப்புறத்திலும், அதற்கு அப்பாலும், 1919-இல் நடந்த மூன்றாம் ஆப்கானியப் போரிலும் இறந்தவர்கள். பிரான்சில் இறந்தவர்களுக்குப் பிரான்சிலும், மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தவர்களுக்கு அங்கேயும் தனித்தனி நினைவுச் சின்னங்கள் எழுப்பப்பட்டன. ஆகவே அத்தையின் பெரியப்பா பெயரை இந்தியா கேட்டில் தேடியதே பிசகு. அதே காரணத்தால், அந்தப் போரில் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்று மாண்ட கபர் சிங் நேகியின் பெயரும் பிரான்ஸ் நாட்டில்தான் இருக்கிறது.

மலைக்கிராமத்துப் பையன்

ரிஷிகேசத்திலிருந்து நரேந்திரநகர் வழியாக மலை ஏறினால் சுமார் அறுபது கிலோமீட்டரில் சம்பா என்ற சிற்றூர் வரும். (இமாசலப் பிரதேசத்துச் சம்பா வேறு, இது டெஹ்ரி செல்லும் வழியில் உள்ளது.) கங்கோத்ரி யாத்திரை போன நம்மவர்கள் பலர் இந்த ஊரில் பேருந்தை நிறுத்தித் தேநீர் குடித்திருப்பார்கள். இதன் அருகே உள்ள மஞ்சூட் என்னும் கிராமத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் கபர் சிங் நேகி. பழைய ஆங்கில ஆவணங்களில் 'கோபர் சிங்' என்று காணப்படும். ஊரார் கபர் சிங் என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

அன்று அந்தப் பகுதி டெஹ்ரி சமஸ்தானத்தில் இருந்தது. படிப்படியாக வெட்டிய சிறு வயல்கள், கொஞ்சம் மாடு, நீண்ட குளிர்காலம். வீட்டில் இரண்டு மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தால் ஒருவன் பட்டாளத்துக்குப் போவது அந்த மலைகளில் வழக்கம். பட்டாளத்துச் சிப்பாய்க்கு மாதம் பதினோரு ரூபாய் சம்பளம். நிலவரி கட்டவும், தங்கைக்குத் திருமணம் செய்யவும், கடனை அடைக்கவும் அந்தப் பதினோரு ரூபாய்தான் உதவியது. கபர் சிங் 1913-இல் 39-ஆவது கார்வால் ரைபிள்ஸ் படையின் இரண்டாம் பட்டாலியனில் சேர்ந்தார். லான்ஸ்டவுன் என்ற மலைநகரம் அதன் தலைமையிடம். இன்றைக்கும் கார்வால் ரைபிள்ஸின் தலைமையிடம் அதுவே.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. சென்னைவாசிகளுக்கு அந்தப் போர் என்றால் செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதுதான் நினைவுக்கு வரும். கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் பழக்கமும் அதிலிருந்து வந்ததே. அந்த நாட்களில் கார்வால் வீரர்கள் மலையிலிருந்து இறங்கி, ரயிலேறி, கராச்சியில் கப்பலேறினார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற அச்சம் இருந்த காலம். கடலையே பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். அக்டோபரில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, அம்மாத இறுதியிலேயே போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிரிட்டனின் நிரந்தரப் படை சிறியது. முதல் மூன்று மாதப் போரில் அது தேய்ந்துபோயிருந்தது. புதிதாகச் சேர்த்தவர்களுக்குப் பயிற்சி முடியவில்லை. இடையில் விழுந்த ஓட்டையை அடைக்க, பயிற்சி பெற்ற படை இந்தியாவில்தான் தயாராக இருந்தது. லாகூர், மீரட் ஆகிய இரண்டு டிவிஷன்கள் அனுப்பப்பட்டன. கார்வால் பட்டாலியன்கள் இரண்டும் மீரட் டிவிஷனைச் சேர்ந்தவை.

சேற்றில் ஒரு குளிர்காலம்

எல்லைப்புறத்துப் பாறைகளில் சண்டையிடப் பழகியவர்களுக்குப் பிரான்சின் பதுங்குகுழிகள் வேறு உலகமாக இருந்தன. நிலம் தட்டையானது, இரண்டடி தோண்டினால் தண்ணீர். முழங்கால் அளவு சேற்றில் நாட்கணக்கில் நின்று கால்கள் அழுகின. முதல் வாரங்களில் போதிய கம்பளி உடை கிடையாது. கையெறிகுண்டு கூடக் கிடையாது. சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படையினர் காலி ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்துத் திரி வைத்துக் கொடுத்தார்கள்.

வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகமே இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். தணிக்கை அதிகாரியை ஏமாற்றப் பரிபாஷை வேறு. கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால் ஊரில் புரிந்துகொள்வார்கள். தணிக்கைக்காக மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான், எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகளின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தக் குளிர்காலத்திலேயே, 1914 நவம்பரில், கார்வால் முதல் பட்டாலியனைச் சேர்ந்த தர்வான் சிங் நேகி விக்டோரியா கிராஸ் பெற்றார். 1911-இல் தில்லி தர்பார் நடக்கும்வரை இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த விருது கிடையாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தர்வான் சிங் உயிருடன் ஊர் திரும்பினார். கபர் சிங்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1915 மார்ச் 10

நவ் ஷாப்பெல் என்பது வடபிரான்சில் ஒரு சிறு கிராமம். ஜெர்மானியர் கையில் இருந்த அதைப் பிடித்து, பின்னாலுள்ள ஓபர்ஸ் மேட்டையும் கைப்பற்றுவது திட்டம். தாக்குதலில் இறங்கிய படையில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள்.

காலை 7.30-க்கு முந்நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கத் தொடங்கி முப்பத்தைந்து நிமிடம் ஓயாமல் சுட்டன. 8.05-க்குக் காலாட்படை எழுந்து ஓடியது. கார்வால் இரண்டாம் பட்டாலியன் எதிரியின் முதல் குழிக்குள் இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் பதுங்குகுழியின் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். அது நேர்கோடாக இராது. சில கெஜத்துக்கு ஒருமுறை மடித்து மடித்து, கோயில் பிராகாரத்தின் மூலைகளைப் போலத் திருப்பங்களுடன் வெட்டியிருப்பார்கள். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் அந்தத் திருப்பத்தைத் தாண்டாது. எதிரி உள்ளே நுழைந்தாலும் நீளவாக்கில் சுட முடியாது. ஆகவே குழியைப் பிடிப்பது என்றால் ஒவ்வொரு திருப்பமாகப் பிடிக்க வேண்டும். ஒருவர் குண்டை மண்சுவருக்கு மேலாக அடுத்த மடிப்புக்குள் வீசுவார். அது வெடித்த மறுகணம், துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திய ஒருவர் மூலையைத் திரும்பி உள்ளே பாய வேண்டும். மூலைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்பது பாய்கிறவருக்குத் தெரியாது. முதலில் திரும்புகிறவர் பிழைப்பது அரிது.

அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாகப் பாய்ந்தவர் ரைபிள்மேன் கபர் சிங். ஒரு தடவை துணிவது பலருக்கும் கூடும். ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலைக்கும் நானே என்று மீண்டும் மீண்டும் முன் செல்வது வேறு விஷயம். எதிரிகள் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே கபர் சிங் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது இருபது வயது நிறைவடையவில்லை. படையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

1915 ஏப்ரல் 28-ஆம் தேதி லண்டன் அரசிதழ் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவித்தது. பாராட்டுரை நாலைந்து வரிதான். மேலே நான் சொன்னதைத் தவிர அதில் அதிகம் ஒன்றும் இல்லை. அவர் உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் கிடையாது.

போரின் பலன் என்ன? கிராமம் அன்று காலையிலேயே கைக்கு வந்தது. அதன் பிறகு தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, உத்தரவுகள் தாமதமாகி, குண்டுகள் தீர்ந்து, எதிரிக்குப் புதுப்படை வந்து சேர்ந்தது. மூன்று நாளில் தாக்குதல் நிறுத்தப்பட்டது. கிடைத்தது சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழமுள்ள நிலம். ஓபர்ஸ் மேடு ஜெர்மானியரிடமே இருந்தது. பிரிட்டிஷாரும் இந்தியருமாகப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். அதில் இந்தியப் படைப்பிரிவின் பங்கு நாலாயிரத்துக்கு மேல். கார்வால் பட்டாலியன்கள் இரண்டும் அவ்வளவு சேதமடைந்ததால், சிறிது காலம் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்து நடத்த வேண்டியதாயிற்று.

யாருக்காக இறந்தார்?

இந்த வரலாற்றை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "வெள்ளைக்காரன் சண்டைக்கு நம் ஆள் செத்தான், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியால்தான் சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சிப்பாய்களை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம். அரசர் பெயரால் இறந்தவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

அன்று நம் தலைவர்களே போருக்கு உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பினார்கள். 1918-இல் காந்தியடிகள் குஜராத் கிராமங்களில் நடந்து படைக்கு ஆள் சேர்த்தார். கிடைத்தது ரௌலட் சட்டமும் 1919 ஏப்ரல் 13-இன் ஜாலியன்வாலா பாக்கும்.

கபர் சிங்கின் பட்டாலியனும் இக்கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1921-இல் அந்தப் படைக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. பிறகு 18-ஆவது ராயல் கார்வால் ரைபிள்ஸ் எனப் பெயர் மாறியது. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், கிஸ்ஸா கானி பஜாரில் கூடியிருந்த நிராயுதபாணியான பட்டாணியர் மீது சுடும்படி அதே இரண்டாம் பட்டாலியனுக்கு உத்தரவு வந்தது. சந்திர சிங் கார்வாலி தலைமையில் வீரர்கள் சுட மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் கடும் தண்டனைகள் விதித்தது. சந்திர சிங் பதினோரு ஆண்டு சிறையில் இருந்தார். அவர் உலகப் போரில் பிரான்சுக்குப் போய் வந்தவர்.

இதை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். குண்டுக்கு எதிரே மூலை திரும்பியவனும், உத்தரவுக்கு எதிரே துப்பாக்கியைத் தாழ்த்தியவனும் ஒரே மலையின் பிள்ளைகள். ஒரே பட்டாலியனின் சோற்றை உண்டவர்கள். பக்கத்தில் நிற்கும் தோழனைக் கைவிடாத குணம் ஒரு நாள் பிரான்சில் அப்படி வெளிப்பட்டது; இன்னொரு நாள் பெஷாவரில் இப்படி வெளிப்பட்டது. போரைத் தொடங்கியவர்களின் கணக்கைக் கபர் சிங்கின் தலையில் எழுதுவது நியாயமாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

கல்லும் பெயரும்

போரில் பட்டவனுக்குக் கல் நடுவது தமிழர்க்குப் புதிதல்ல. கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் பகுதி நடுகற்களில் இருப்பவர்கள் மன்னர்கள் அல்லர். ஆநிரை மீட்கப் போய் மாண்ட சாதாரண வீரர்கள். எந்த அரசன் காலம், யாருடைய சேவகன், பெயர் என்ன, எப்படி இறந்தான் என்று கல் சொல்கிறது. கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம் வரை போனதாகச் சிலம்பு கூறுகிறது. அந்த இமயத்துப் பிள்ளைக்குப் பிரான்சில் கல் நட்டிருக்கிறார்கள்.

நவ் ஷாப்பெல்லில் 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், அசோகத் தூணை நினைவூட்டும் ஒரு தூணும், இருபுறமும் காவல் இருக்கும் புலிகளும், வட்டமான சுவரும் உண்டு. அமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். நம் தில்லியின் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களை எழுப்பியவரும் அவரே. கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கபர் சிங்கின் பெயரும் இருக்கிறது. 2015 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் அங்கே சென்று அஞ்சலி செலுத்தினார்.

ஆனால் எல்லோருக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. 1929-இல் பஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், அதில் எத்தனை பேர் என்ற எண்ணும் மட்டுமே. இப்படி எண்ணாகிப் போனவர்கள் சுமார் முப்பத்து மூவாயிரம் பேர். 1997-இல் அந்தச் சின்னமே பெயர்க்கப்பட்டு நாசிரியா சாலையில் பாலைவனத்துக்கு மாற்றப்பட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணியும் தொடங்கியது.

அத்தையின் கேள்விக்கு விடை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. அவளுடைய பெரியப்பா அந்த எண்களில் ஒன்றாக இருப்பார். இதைச் சொல்ல அத்தை இன்று இல்லை.

சம்பாவில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 20 அல்லது 21-ஆம் தேதி, வைசாக மாதம் எட்டாம் நாள், கபர் சிங் நினைவிடத்தில் மேளா நடக்கிறது. ராணுவத்தினர் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமத்தார் குழந்தைகளுடன் வந்து, வளையலும் ஜிலேபியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிறு வயதிலேயே கணவனை இழந்த அவர் மனைவி, அந்தப் பதக்கத்தைச் சேலையில் அணிந்துகொண்டே வெளியே வருவார் என்றும், எதிர்ப்படும் சிப்பாய்கள் நின்று சல்யூட் அடிப்பார்கள் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களிலும் பஸ்ராவுக்கோ, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ, பின்னால் பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவர்கள் இருக்கக்கூடும். பழைய பெட்டியில் ஒரு பதக்கமோ, ஓய்வூதியக் காகிதமோ, மணியார்டர் ரசீதோ கிடக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் படைப்பிரிவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் என் அத்தையிடம் அவள் பெரியப்பாவின் பெயரைக் கூட அன்று கேட்டுக்கொள்ளவில்லை. "தேட முடியாது" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். அந்தத் தவற்றை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.